முந்நூற்று இரண்டில் நூற்று நாற்பத்தாறு போக

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் திரு. சாத்தப்பன் அவர்களே! பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே! மகள் ரூபினியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பேச்சியம்மாள் அம்மா அவர்களே! பெக்கோக் வட்டாரத்துப் பெற்றோர்களே! மூன்றாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியை சந்திரமதி பேசுகிறேன். வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆசிரியை ரூபினியைக் கணிதச் சுடர் என்றார்கள். கணிதச் சுடர்! அந்தப் பட்டத்தை ஜூலை மாதம் எங்கே வைத்திருந்தீர்கள்?

இரண்டாம் ஆண்டு வகுப்புப் பிள்ளை ஒரு வருடத்தில் கணக்கில் என்ன கற்கிறது? ஆயிரம் வரை எண்ணுகிறது. கடன் வாங்கிக் கழிக்கிறது. வாய்ப்பாடு சொல்கிறது. ரொட்டியை அரையாக, காலாகப் பிரிக்கிறது. கடிகாரம் பார்க்கிறது. இவ்வளவுதானா என்று நமக்குத் தோன்றும். ரூபினிக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி மேசை மேசையாகக் கொடுப்பார். "கட்டை அவிழ்த்துப் பாருங்க, ஏன் கடன் வாங்குறோம்னு தெரியும்" என்பார். அவரிடமிருந்து என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு விடை தெரியும். ஏன் அந்த விடை என்றும் தெரியும்.

மே மாதம் ஒருநாள் எட்டும் ஏழும் பதின்மூன்று என்று பலகையில் எழுதினார். தர்ஷனா என்ற மாணவி எழுந்து, "சாலா, டீச்சர், தப்பு! பதினஞ்சு லா!" என்றாள். வகுப்பே சிரித்தது. ரூபினியும் சிரித்தார். மறுநாள் இன்னொரு தவறு. அதற்கு அடுத்த வாரம் அவர் விடை எழுதுவதையே நிறுத்திவிட்டார். மார்க்கரைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "நீங்க போடுங்க. மத்தவங்க சரியான்னு பாருங்க" என்றார். தனக்குள் ஏதோ சரிகிறது என்று தெரிந்த பிறகும், பிள்ளைகளுக்கு ஒரு தவறான விடைகூடப் போய்விடக் கூடாது என்று நினைத்த ஆசிரியை அவர்!

அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தீர்கள்? சோம்பேறித்தனம்!

ஜூலை மாதம் இதே மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. சங்கத் துணைத்தலைவர் திரு. யுகேந்திரன் எழுந்தார். இன்றைக்கு இங்கே மிகப் பெரிய மலர்வளையம் வைத்திருப்பவர் அவர்தான். அன்று அவர் கேட்டது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "டீச்சர், முந்நூத்தி ரெண்டுல நூத்தி நாப்பத்தாறு போனா எவ்ளோ? எங்க முன்னாடி போட்டுக் காட்டுங்க லா."

ரூபினி பலகைக்குப் போனார். எண்களை எழுதினார். கோடு போட்டார். நின்றார். கோட்டுக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தீர்கள். நான் எழுந்தேன். "உக்காருங்க டீச்சர், இது உங்க வகுப்பு இல்ல" என்றார்கள் மேடையிலிருந்து. அன்று மாலைக்குள் அந்தக் காணொளி பேச்சியம்மாள் அம்மாவின் கைப்பேசிக்கே வந்துவிட்டது. மகள் அவமானப்படுவதைத் தாய்க்கு அனுப்பிவைத்த அந்தக் கை இந்த மண்டபத்தில் இல்லையா?

மறுநாள் ஆசிரியர் அறையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, அந்த மூணு எனக்குத் தெரியுது. சைபரும் தெரியுது. ஆனா அது எவ்ளோன்னுதான் தெரியல" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்று இழுத்தேன். "அங்கயும் கணக்குக் கேப்பாங்கக்கா" என்று கையை உருவிக்கொண்டார். கணக்கு வகுப்பைப் பிடுங்கி அவரை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மாதம் யாரையும் பார்க்கவில்லை. மயங்கி விழுந்த பிறகுதான் சிகாமட் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கும் கொண்டுபோனோம். மூளையில் கட்டி. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று மருத்துவர் கேட்டார். ஊர் சிரித்தது, அதனால் வரவில்லை என்று சொல்லவா?

உங்கள் சிரிப்பு ரூபினியைக் கொல்லவில்லை. கட்டிதான் கொன்றது. ஆனால் அந்த ஒரு மாதத்தைக் கட்டிக்குக் கொடுத்தது உங்கள் சிரிப்பு!

நேற்று தர்ஷனா என்னிடம் வந்து, "நான் சிரிச்சதாலயா டீச்சர் செத்துட்டாங்க?" என்று கேட்டாள். இல்லையம்மா என்று அவளை அணைத்துக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டது. பெரியவர்கள் ஒருவராவது என்னிடம் கேட்டீர்களா? மலர்வளையம் எங்கே வைப்பது என்றுதான் கேட்டீர்கள்!

ரூபினியின் வகுப்பை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். நாளைக் காலை கழித்தலையே மறுபடி தொடங்குகிறேன். அவர் பெயரால் உறுதி சொல்கிறேன்: என் வகுப்பில் ஒரு பிள்ளை பலகை முன் திணறி நின்றால், மற்ற பிள்ளைகள் வாய் திறக்காமல் காத்திருக்கும். அதை எட்டு வயதிலேயே கற்றுக்கொடுத்துவிடுவேன். உங்களுக்குக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்ததாக ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். ஜூலையில் கொடுத்திருக்க வேண்டிய மௌனம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

பேச்சியம்மாள் அம்மா, நீங்கள் மட்டும் உட்கார்ந்திருங்கள்.