சண்டை சுவிட்ச்

மத்தியானம் மூன்று மணி. ஆமாம், மத்தியானம்தான். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் யாரும் வேண்டாம்.

மூன்று மணி... ஆள் நடமாட்டமே இல்லாத புறவழிச் சாலை. முட்டளவு தண்ணீர். இரண்டு நாள் மழையில் வானம் கறுத்துக் கிடக்கிறது. ஒரே ஒரு டிராக்டர் ஊர்ந்து வருகிறது. பின்னால் டிரெய்லரில், பச்சைப் பெயின்ட் உரிந்த ராணுவ ஜெனரேட்டர் ஒன்று. டிராக்டரை ஓட்டுகிறவன் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டுகிறான்.

அவன் என் நண்பனின் மச்சான். நண்பனுடைய மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். எல்லாரும் அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். தன் கல்யாணத்தன்றுகூடச் சட்டைப் பையில் ஸ்பேனரோடு வந்து நின்ற மகராசன். ராணுவம் கழித்துப் போடும் டீசல் ஜெனரேட்டர்களை ஏலத்தில் எடுப்பான். ஓட வைப்பான். ஐஸ் கம்பெனிக்கும் மாவு மில்லுக்கும் விற்பான். செத்த இன்ஜினும் இவன் கை பட்டால் இருமிக்கொண்டு எழுந்துவிடும் என்று கேலி பேசுவார்கள்.

அன்றைக்கு அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிரசவமாகி ஒரு வாரம். பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் நுரையீரலில் சளி கட்டிவிட்டது. தானாக மூச்சு விட முடியவில்லை. தொண்டையில் குழாய் போட்டு மெஷின்தான் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. வெள்ளத்தில் கரண்ட் போனது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறைக்குள் கழுத்தளவு தண்ணீர். மெஷினின் பேட்டரியும் தீர்ந்தது. அப்புறம் குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி, கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே தள்ள வேண்டியதுதான். ஓயக் கூடாது. நர்ஸ் அமுக்கினாள், ஆயா அமுக்கினாள், கடைசியில் ஸ்பேனரின் தங்கை, அதாவது என் நண்பனின் மனைவி, அமுக்கினாள்.

டிராக்டர் வாசலுக்குள் நுழையும்போதே மாடி ஜன்னலிலிருந்து அவள் குரல்.

"அண்ணே! கை மரத்துப் போச்சு... சீக்கிரம்ணே!"

ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் வயரை இழுத்து மாட்டினார். ஸ்பேனர் டீசல் லைனில் பிடித்திருந்த காற்றை எடுத்தான். டிராக்டர் பேட்டரியைக் கழற்றி இதில் வைத்தான். செல்ஃப் அடித்தான். இன்ஜின் உறுமியது. மாடியில் விளக்கு எரிந்தது. எல்லாரும் "அப்பாடா" என்றார்கள்.

டக். நின்றுவிட்டது.

மறுபடி அடித்தான். ஓடியது... நின்றது. ஆயில் பிரஷர் ஏறவில்லை. பிரஷர் இல்லாமல் ஓடினால் இன்ஜின் பாழாகும் என்று அதுவே தன்னை நிறுத்திக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான். மேலே ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கும்போது அதை வைத்து என்ன செய்ய?

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராணுவ ஜெனரேட்டரில் ஒரு சுவிட்ச் உண்டு. சிவப்பு மூடி போட்டு, மெல்லிய கம்பியால் சீல் வைத்திருக்கும். சண்டை சுவிட்ச் என்பார்கள். அதைப் போட்டுவிட்டால் ஆயில் இல்லாவிட்டாலும், சூடு ஏறினாலும், இன்ஜின் தானாக நிற்காது. குண்டு விழுகிற இடத்தில் இன்ஜின் போனால் போகட்டும், ஆள் பிழைக்க வேண்டும் அல்லவா? ஆனால் ஏலத்தில் எடுக்கிறவர்கள் முதல் வேலையாக அந்த சுவிட்ச்சைத்தான் பிடுங்கி எறிவார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஸ்பேனரும் பிடுங்குகிறவன்தான். இந்த ஜெனரேட்டர் மழைக்கு முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தது. பிடுங்க நேரமில்லை.

"அண்ணே! அண்ணிக்கு உதடெல்லாம் நீலமாயிடுச்சு!"

கம்பியை நெம்பி அறுத்தான். மூடியைத் தூக்கினான். உள்ளேயிருந்து ஒரு வாடை... டீசல் வாடை இல்லை. ஈரக் கம்பளியும் கருகிய முடியும் சேர்ந்த வாடை. காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம்.

"யாரா இருந்தாலும் சரி... நிக்காதே. என் பொண்டாட்டி பிழைக்கணும். நிக்கவே நிக்காதே!"

கெஞ்சிக்கொண்டே சுவிட்ச்சைப் போட்டான்.

நிற்கவில்லை. அன்றும் ஓடியது, அடுத்த நாளும் ஓடியது. தண்ணீர் வடிந்தது. கரண்ட் வந்தது. அவளும் தேறினாள். டாக்டர் குழாயை எடுத்துவிட்டார். தானாக மூச்சு விட்டாள். ஸ்பேனருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி வந்து ஸ்டாப் லிவரை இழுத்தான். இன்ஜின் தணிந்தது...

மாடியில் தங்கை அலறினாள். அண்ணியின் நெஞ்சு அப்படியே நின்றுவிட்டது.

பதறி லிவரை விட்டான். இன்ஜின் எகிறியது. அவள் மூச்சை இழுத்தாள். அவளுக்கும் இதற்கும் நடுவில் ஒரு வயர்கூடக் கிடையாது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். அதே அலறல். டாக்டர், "தற்செயலா நடந்திருக்கும்" என்றார். "அப்ப நீங்களே நிறுத்துங்க சார்" என்றான். டாக்டர் லிவர் பக்கம் போகவில்லை.

ஓட ஓட அதை டிரெய்லரில் வைத்தே வீட்டுக்குக் கொண்டுவந்தான். பின்பக்கக் கொட்டகையில் அது ஓடுகிறது. வீட்டுக்குள் அவள் சமைக்கிறாள், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள், சிரிக்கிறாள். அவன் வெளியூர் போவதில்லை. ஓட ஓட டீசல் ஊற்றுகிறான், ஓட ஓட ஆயில் ஊற்றுகிறான். ஆனால் மெக்கானிக் இல்லையா? அவனுக்குத் தெரியும். ஓடுகிற இன்ஜினில் ஃபேன் பெல்ட் மாற்ற முடியாது. போன மாதம் பெல்ட் நார் நாராகப் பிரியத் தொடங்கியது. அது அறுந்தால் ஃபேன் சுற்றாது, இன்ஜின் சூடேறி இறுகிவிடும்.

ராப்பகலாக யோசித்து ஒரு வழி கண்டான். ஒரு ரப்பர் பையை வாங்கினான். தங்கையை வரவழைத்தான். மனைவியைப் படுக்க வைத்து, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் பொருத்தி, தங்கை அமுக்க வேண்டும். அதற்குள் இவன் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும்.

"பயப்படாதீங்க, நான் தாங்கிக்குவேன்" என்றாள் அவள். இவன்தான் அழுதான்.

லிவரை இழுத்தான். மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத அமைதி. உள்ளே புஸ்... புஸ்... என்று பை. அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. பழைய பெல்ட் வெளியே வந்தது. புதியதை மாட்டிவிட்டான். இறுக்க வேண்டியதுதான் பாக்கி...

"அண்ணே... தொட்டிலைப் பாருண்ணே!"

முன்பு லிவரை இழுத்தபோதெல்லாம் பிள்ளைக்கு ஒன்றும் ஆனதில்லை. இப்போது அதன் நெஞ்சும் அசையவில்லை. எப்படி செல்ஃப் அடித்தான் என்று அவனுக்கே தெரியாது. இன்ஜின் பிடித்தது. பிள்ளை வீறிட்டது. பெல்ட்டை மட்டும் இறுக்காமலே விட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கீச்... கீச்... என்று கத்திக்கொண்டே ஓடுகிறது.

நேற்று என் நண்பனுக்கு ஸ்பேனர் போன் செய்தான்.

"மாப்ளே, தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு உடனே வாங்க. பெல்ட்டு தாங்காது. பை அமுக்க தங்கச்சி போக இன்னும் ரெண்டு ஆளு வேணும். வர்றப்ப மேக்கொண்டு ரெண்டு பை வாங்கிட்டு வாங்க."

"அங்கதான் ஒண்ணு இருக்கே மச்சான். பிள்ளைக்கு ஒண்ணு போதுமே? மூணாவது யாருக்கு?"

போனில் இன்ஜின் சத்தம் கேட்டது. அதோடு ஒட்டி, இம்மியும் பிசகாமல், அவன் மூச்சு விடுவதும் கேட்டது. அப்புறம்தான் கேட்டான்.

"உங்களுக்கு பெல்ட்டு மாட்டத் தெரியுமா, மாப்ளே?"