துபாயிலிருந்து கனடாவுக்கு ஓட்டுக் கேட்டவர்

"நான் இஞ்ச இருந்து வோட்டுக் கேட்டுத்தான் என்ர மச்சாள் கனடாவில எம்.பி. ஆனவ."

பர் துபாயில் பேருந்து வரிசையில் இது காதில் விழுந்ததும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். எனக்கு முன்னால் ஒரே அலுவலக அட்டையோடு இரண்டு பெண்கள். சொன்னவர் யாழ்ப்பாணம், சிரித்தவர் மதுரை. பிள்ளைகளின் பள்ளிப் பெற்றோர் சங்கத் தேர்தலில் யாழ்ப்பாணத்து அக்கா போன வருடம் தோற்றிருக்கிறார். மறுபடி நிற்கச் சொல்லி மற்றவர் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"போன்லயா கேட்டீங்க?"

"டியூட்டி முடிஞ்சு வந்து கனடாவில இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் அடிச்சனான். பிறகு பாத்தா, பாதிப்பேர் அவவின்ர தொகுதியே இல்லை."

"வெளங்கிரும்."

"சிரியாதையும். அந்தப் பாதிப்பேர்தான் லீவு போட்டு, பனிக்குள்ள அவவோட வீடு வீடாப் போனவை. முதல் ரெண்டு தரமும் தோத்தவ. மூண்டாந்தரம் வெண்டு, பாராளுமன்றத்தில எழும்பித் தமிழில வணக்கம் சொன்னவ. நான் டிவிக்கு முன்னால எழும்பி நிண்டனான்."

"அவங்க ரெண்டு தடவ தோத்தாங்க. நீங்க ஒரு தடவதானக்கா தோத்திருக்கீங்க?"

பேருந்து வந்தது. ஏறும்போதுதான் அக்கா சொன்னார்:

"சரி, பேரைக் குடுக்கிறன். சனிக்கிழமை உம்மட பில்டிங்கில வோட்டுக் கேக்கத் தொடங்குவம். முதல் வீட்டு மணியை மட்டும் நீர் அடியும். எனக்குப் போன் அடிச்சுத்தான் பழக்கம்."