ஆசிட்டில் ஊறிய ரிவால்வர்

"சரசு, படு! புள்ளைய அமுக்கிப் பிடி!"

கணவர் கத்துகிறார். படுக்கிறேன். மகள் என் வயிற்றுக்கடியில். பலகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு குண்டுகள் வருகின்றன. டட். டட் டட். அடுப்படியில் பானை உடைகிறது. இப்போதுதான் விடிந்தது. ஆள் கூட்டும் பெரட்டு மணிகூட அடிக்கவில்லை.

"கெலுவார்! மண்டோர், கெலுவார்!"

வெளியே வா என்று மலாயில் கத்துகிறார்கள். கம்யூனிஸ்டுகள். காட்டுக்காரர்கள் என்போம் நாங்கள். மலாயாவில், ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் கணவர் மண்டோர். பால்மரம் வெட்டுகிறவர்களை மேய்க்கும் வேலை. வெள்ளைக்காரத் துரையின் ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் கையில் ரிவால்வர் இருக்கிறது. எங்கள் மூவர் உயிரும் அதில்தான்.

துரை கொடுத்தது. தனக்குப் புதுத் துப்பாக்கி, காருக்கு இரும்புத் தகடு. எங்களுக்கு ஜப்பான்காரன் காலத்தில் மண்ணில் புதைத்துவைத்த துருப்பிடித்த சனியன். லைசென்ஸ் போட்டுக் கொடுத்தான். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இவர் வீட்டிலேயே சரிபண்ண உட்கார்ந்தார். பாய் விரித்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் தோட்டத்தில் தாராளம். வாளித் துருவை அதில்தான் போக்குவோம். ஸ்பிரிங் உட்பட எல்லாவற்றையும் அதில் ஊறப்போட்டார். செங்கல் தூளும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தார். மேல் இரும்பைக் கரி நெருப்பில் காட்டி எண்ணெயில் முக்கினார். கருநீலமாக மின்னியது. குளிப்பாட்டிய பிள்ளையைப்போல் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னைய ஒருநாளு இப்படிக் கவனிச்சதுண்டா?" என்றேன். சிரித்தார்.

சுட்டுப் பார்க்கவில்லை. வெடிச்சத்தம் கேட்டால் ராணுவம் வந்து எங்கள் லயத்து வீடுகளையே புரட்டிப் போட்டுவிடும். குண்டு போடாமல் விசையை மட்டும் இழுத்தார். டக். போதும் என்றார். அந்தச் சத்தத்தை நம்பித்தான் தூங்கினோம்.

கதவு உடைகிறது. தொப்பி போட்ட ஒருவன். கைக்கெட்டும் தூரம். இவர் நீட்டுகிறார். விசையை இழுக்கிறார். உள்ளே ஏதோ முறிகிறது. சுள்ளி ஒடிந்தாற்போல் ஒரு சத்தம். மறுபடி இழுக்கிறார். அந்தச் சத்தமும் இல்லை.

அவன் சுட்டான். இவர் ரிவால்வரின் மேலேயே கவிழ்ந்து விழுந்தார். பக்கத்து வீட்டிலிருந்து கொழுந்தன் ஓடிவந்தான். கையில் வெறும் கம்பு.

"டேய், வராதடா!" கத்தினேன். வாசலிலேயே சுட்டார்கள்.

ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். தூரத்தில் ராணுவ லாரிச் சத்தம். ஓடினார்கள்.

வந்த காவலர்களில் ஒருவர் தமிழர். ரிவால்வரைப் பிரித்தார். ஸ்பிரிங் இரண்டாகக் கிடந்தது.

"ஸ்பிரிங்கையுமா அக்கா ஆசிட்டுல போட்டாரு? முறுக்கு மாதிரி ஒடஞ்சிரும்லா!"

இழந்ததைச் சொல்கிறேன். மறந்துவிடாதீர்கள். என் கணவர். கொழுந்தன், கல்யாணமாகி மூன்று மாதம். மகளின் பேச்சு, ஒரு வருஷம் அவள் வாய் திறக்கவில்லை. புகைக்கூடம் நிறைய ரப்பர். துரை அழுதது அதற்கு மட்டும்தான். ரிவால்வரில் ஆறு குண்டுகள். ஒன்றுகூடக் குறையவில்லை.