பட்டைத்தூளில் கலந்த பொய் இலை

அக்கியை அந்த மரப்பட்டை குணப்படுத்துமா? இந்தக் கேள்விக்குத்தான் என்னை மேடையேற்றினீர்கள். எனக்குப் பதில் தெரியாது.

தெரியாதவளுக்கு எதற்கு மாலை என்று தலைவர் என்னைப் பார்க்கிறார். தலைமை தாங்கும் மசாக்கா வட்டார மூலிகை வைத்தியர் சங்கத் தலைவர் கக்கேம்போ ஐயா அவர்களே! காட்டைக் கண்போல் காத்து, மருந்தறிந்து, மனிதரறிந்து வாழும் வைத்தியப் பெருமக்களே! வாழைக்காய் வேகும் வாசம் அழைத்தும் எழுந்து போகாத தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் நபுக்காலுவின் வணக்கம்.

இருபத்திரண்டு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் வைரஸ்களோடு குடித்தனம் நடத்துகிறேன். எதையும் எளிதில் நம்பமாட்டேன். என் கணவரைக் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்.

அக்கி வந்தவரைப் பார்த்திருக்கிறீர்களா? இடுப்பில் நெருப்பை வாராகக் கட்டியதுபோல் துடிப்பார். சட்டை பட்டால் எரியும். காற்று பட்டால் எரியும். அவர் யாரிடம் போவார்? ஆறு மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்கா, அடுத்த தெரு வைத்தியர் முலிந்துவாவிடமா?

மூன்றாம் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் முலிந்துவா. இன்று காலை என்னிடம், "நடந்ததெல்லாம் சொல்லுங்க டாக்டரம்மா. மரத்தோட பேரை மட்டும் கேக்காதீங்க" என்றார். அதைத்தான் கேட்கப்போகிறேன்.

போன வருடம் அவர் ஒரு பொட்டலம் பட்டைத்தூள் கொண்டுவந்தார். அக்கி வைரஸ் தொற்றிய உயிரணுக்கள்மேல் அதன் சாற்றை விட்டுப் பார்த்தோம். வைரஸ் செத்தது. உயிரணுக்களும் செத்தன! எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. 'நஞ்சு, கைவிடலாம்' என்று என் கையாலேயே எழுதினேன்.

அறிக்கையைக் கேட்க வந்த முலிந்துவா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "அதுல பாதி வேற இலைங்க."

நோயாளிக்கும் அதையா கொடுக்கிறீர்கள் என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"சேச்சே. நோயாளிக்குச் சுத்தமான பட்டை. அந்த இலை உங்களை மாதிரி படிச்சவங்களுக்கு மட்டும்தான்."

சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் பொய் இலை கலக்காதவர் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் காணோம்! தலைவர்கூடத் தூக்கவில்லை.

நான் உங்களைத் திட்ட வரவில்லை. முலிந்துவாவின் அப்பா ஒருமுறை, வெளியூரிலிருந்து வந்த படித்தவர் ஒருவரைக் காட்டுக்குள் அழைத்துப்போய் ஒரு வேரைக் காட்டினார். வந்தவர் ஒரு மூட்டை வேரோடு போனார். கடிதம் உண்டா? நன்றி உண்டா? வேர் என்ன ஆனதென்று ஒரு சொல் உண்டா? அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை பொய் இலை கலக்காமல் வேறென்ன செய்யும்?

ஆனால் வைத்தியர்களே, மறைத்ததால் திருடன் ஏமாந்தான், சோதித்தவள் ஏமாந்தாள், நல்ல மருந்தாக இருக்கக்கூடிய ஒன்று நஞ்சென்று பெயர் வாங்கியது. நாளை மறுநாள் எங்கள் குழு இந்தப் பட்டையின் கோப்பை மூடுகிறது. பெயர் தெரியாத மரத்தை அவர்கள் மறுபடி சோதிக்கமாட்டார்கள்.

பின்னாலிருந்து ஓர் அம்மா கேட்கிறார், பட்டை நல்லதென்றால் கிளினிக் மாத்திரையை விட்டுவிடலாமா என்று. விடாதீர்கள் அம்மா. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத்தான் அக்கி எளிதில் வரும்; எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். மூலிகை எது சாப்பிட்டாலும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை வேலை செய்வது எனக்குத் தெரியும். பட்டையைப் பற்றித் தெரியாது. தெரியவேண்டும் என்றுதான் இத்தனை தூரம் வந்து கெஞ்சுகிறேன்.

நாளைக் காலை எட்டு மணிமுதல் ஒரு மணிவரை வட்டார அலுவலக வாசலில் இருப்பேன். கலப்பில்லாத பட்டை வேண்டும்; மரத்தின் பெயர் வேண்டும். கொடுத்தவர் பெயரை முதல் வரியில் எழுதி, தலைவர் கையெழுத்தோடு ஒரு தாள் தருவேன். ஒரு தாள் உலகத்துத் திருடர்களையெல்லாம் தடுத்துவிடுமா? தடுக்காது. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் பட்டை தோற்றாலும் ஜெயித்தாலும், முடிவை முதலில் முலிந்துவாவிடம் நானே வந்து சொல்வேன். அவர் அப்பாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு சொல் அவருக்குக் கிடைக்கும். என்னால் தரமுடிந்த வாக்கு அதுதான்.

நெருப்பு வார் கட்டித் துடிக்கிறவருக்கு நம் ரகசியத்தால் என்ன பயன்? நம் பெருமையால் என்ன பயன்? சோதிப்போம்! தோற்றால் தோற்றதென்று சொல்வோம். ஜெயித்தால் இந்த மண்ணின் பெயரைச் சொல்லி ஜெயிப்போம்!

பசியோடும் பொறுமையோடும் கேட்ட அனைவருக்கும் என் நன்றி. இலை போட்டாயிற்று, போய்ச் சாப்பிடுங்கள். நலமாக இருங்கள், வணக்கம்.

மறுநாள் நடந்தது இது. எட்டு மணியிலிருந்து அலுவலக வாசலில் நின்றேன். பன்னிரண்டுவரை யாரும் வரவில்லை, மழைதான் வந்தது. பன்னிரண்டரைக்கு முலிந்துவா வெறுங்கையோடு வந்து, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க, ஒரே சேறு" என்றார். காட்டுக்குள் நடந்தோம். பின்னால் மூன்று வைத்தியர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார்; அவர்களைப் போகச் சொல்லவில்லை. மரத்தடியில் காணிக்கையாக இரண்டு காப்பிக்கொட்டை வைத்தார். சூரியன் உதிக்கும் பக்கத்தில் ஒரு துண்டும் மறையும் பக்கத்தில் ஒரு துண்டும் வெட்டினார். சுற்றிலும் உரித்தால் மரம் சாகும் என்றார். பட்டையைப் போட்ட பையின்மேல் எழுதப் பேனாவை எடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, பின்னால் நின்றவர்களும் படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில் மரத்தின் பெயரை அவரே எழுதினார்.