ஒரு பேச்சுக்குச் சொன்ன பத்து

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். பாத்திரக்கடைக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவருக்கு முழங்கால் மூட்டை மாற்றியிருந்தார்கள். அந்தக் காலை ஆள் நடக்கிற வழியில் நீட்டி வைத்திருந்தார்.

"பத்துன்னு ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன் ஏட்டி. டாக்டரு குறைச்சுக் கேப்பாருன்னு பாத்தா, மனுசன் அப்படியே எழுதிட்டாரு."

"வலி ஒண்ணுலருந்து பத்துக்குள்ள எம்புட்டுன்னு கேட்டாரு. உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"எடுத்த எடுப்புல உள்ள விலையை எவனாவது சொல்லுவானா?"

"அதான் பெரிய மாத்திரையா எழுதிட்டாரு. நம்ம புள்ளையைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, மாப்பிள்ளையோட அப்பா தோள்ல சாஞ்சு குறட்டை விட்டீக."

"அவரு கடைசி வரைக்கும் அசையவே இல்லையே. நல்ல சம்பந்தம் ஏட்டி."

"நாளைக்குப் பேசி முடிக்க வாராக. அன்னிக்காவது முழிச்சு இருக்கணும். இப்பப் போனதும் டாக்டருகிட்ட மாத்திரையைக் குறைக்கச் சொல்லணும். நெசமா எம்புட்டு வலிக்கு?"

அவர் முழங்காலைத் தடவினார். பின்னால் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"நாலு" என்றார், மெதுவாக.

"அப்ப நாலுன்னே சொல்லுங்க."

ராஜபாளையம் வந்துவிட்டது. மனைவியின் தோளைப் பிடித்து எழுந்தவர், படியில் இறங்குவதற்கு முன் நின்றார்.

"ஏழுல ஆரம்பிப்போம் ஏட்டி. நாலு கட்டுப்படியாகாது."