செடியைச் சுற்றி வெட்டியது யார்?

அக்கா: பூனைன்னு மட்டும் சொல்லாத. பூனை மண்வெட்டி பிடிக்காது.

தம்பி: நான் எங்க பூனைன்னேன்... பெருச்சாளின்னு சொல்ல வந்தேன்.

அக்கா: பெருச்சாளி வட்டம் போட்டா தோண்டும்? என் ரோடோடென்ட்ரான் பூச்செடியைச் சுத்தி, தட்டைக் கவுத்து வரைஞ்ச மாதிரி வெட்டியிருக்கு. வந்து பாரு.

தம்பி: பாத்தேன்.

அக்கா: எப்போ? நீ இன்னும் வாசப்படியையே தாண்டலையே.

தம்பி: ...காலையில.

அக்கா: காலையில பாத்துட்டு வாயத் திறக்கல. டேய், அது குட்டைச் செடி. வேரு ஆழமாப் போகாது, மேலாக்க முடி மாதிரி படர்ந்திருக்கும். பக்கத்துல களை பிடுங்கவே நான் யோசிப்பேன். வாடின பூவைக்கூட விரல் நுனியாலதான் கிள்ளுவேன், அடியில இருக்கிற மொட்டு நோகக் கூடாதுன்னு.

தம்பி: தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீ இவ்வளவு பாக்கல.

அக்கா: பேச்சை மாத்தாத. கொட்டகைக்குப் பின்னாடி சாக்கு போத்தி ஒரு தொட்டி இருக்கே, அகலமா, ஆழமில்லாம... அதுவும் பெருச்சாளி வாங்கினதா?

தம்பி: அது... மலிவாக் கிடைச்சுது.

அக்கா: பக்கத்துல மக்கின இலை ஒரு மூட்டை. அதுவும் மலிவா?

தம்பி: போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீ.

அக்கா: உங்க மேனேஜர் வந்தன்னிக்கு அந்த ஊதாப் பூவைப் பாத்து வாயப் பொளந்து நின்னாரு. எங்க வாசலுக்கு எடுப்பா இருக்கும்னாரு. நீயும் பல்லைக் காட்டின. பதவி உயர்வுக்கு என் செடியைத் தூக்கிக் குடுக்கப் போற, அதானே?

தம்பி: அந்தாளுக்கு நான் பிளாஸ்டிக் பூகூடத் தர மாட்டேன்.

அக்கா: பின்ன யாருக்கு?

தம்பி: நீ மொதல்ல சொல்லு. உன் கட்டிலுக்கு அடியில பெட்டி எதுக்கு?

அக்கா: பழைய துணி.

தம்பி: பழைய துணிக்கு மேல புதுச் செருப்பு இருக்கே.

அக்கா: என் பெட்டியைத் திறந்தியா?

தம்பி: நீ என் சாக்கைத் தூக்கினியே.

அக்கா: அதுவும் இதுவும் ஒண்ணா...

தம்பி: நம்ம தெருமுனை மருந்துக்கடைக்காரர் வேற. முன்னெல்லாம் என்னைப் பாத்தா விடாமக் கதை பேசுவாரு. இப்ப நான் போனா தலையைக் குனிஞ்சுக்கிட்டு மாத்திரையை எண்ணுறாரு.

அக்கா: அவருக்கு... வேலை இருக்கும்.

தம்பி: உனக்கும் தலைவலி கூடிப்போச்சு. தலைவலி மாத்திரை வாங்க யாராவது பவுடர் போட்டுக்கிட்டுப் போவாங்களா, அக்கா?

அக்கா: பவுடர்... வெயிலுக்குப் போட்டது.

தம்பி: ஏன் எங்கிட்ட சொல்லல?

அக்கா: எப்படிடா சொல்ல? அம்மா போனதுலேர்ந்து இந்த வீட்டுல நீயும் நானும்தான். தலை நரைச்சப்புறம் எனக்குக் கல்யாணம்னா நீ சிரிப்பியோன்னு பயம். சிரிக்காம, சரி போன்னு சொல்லிட்டுத் தனியா உக்காந்து சாப்பிடுவியோன்னு... அதைவிடப் பயம்.

தம்பி: எனக்குச் சமைக்கத் தெரியும்.

அக்கா: தெரியாது.

தம்பி: கத்துக்கறேன். நீ ஒருநாள் சொல்லாமக் கிளம்பிடுவேன்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அக்கா: சீ, சொல்லாம எப்படிப் போவேன்... சரி, இப்பவாவது சொல்லு. செடியை ஏன் வெட்டின?

தம்பி: நர்சரியில கேட்டேன். மொதல்ல சுத்தி வேரை வெட்டிட்டு, கொஞ்ச நாள் தொடாம விடணுமாம். உள்ள புது வேரு விட்டப்புறம் மண்ணோட பெயர்த்தாத் தாங்குமாம்.

அக்கா: பெயர்த்து எங்க கொண்டு போகப் போற?

தம்பி: உன்னோடதான். அவர் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். பின்பக்கம் நல்ல நிழல் இருக்கு. ஆனா குழாயில வர்றது சுண்ணாம்புத் தண்ணி, இதுக்கு ஆகாது. மழைத்தண்ணி பிடிக்க ஒரு பீப்பாய் வாங்கி வைங்கன்னு சொல்லிட்டு எழுந்தேனா... வாய் தவறி அவரை மாமான்னு கூப்பிட்டுட்டேன், அக்கா.