கிளைவ் சொன்ன ஒரே பொய்

நீங்கள் தந்த பேனா நன்றாக எழுதுகிறது ஐயா. பொலிஸ் நிலையங்களில் நூலில் கட்டிவைத்த பேனா பெரும்பாலும் எழுதாது. தமிழ் தெரிந்த மிஸ் லீவில் போயிருக்கிறார், நாங்கள் சிங்களத்தில் எழுதிக்கொள்கிறோம், நீங்கள் கையெழுத்து வைத்தால் போதும் என்றீர்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைக்கிற ஆள் நான் இல்லை. ஒருவர் சொன்னதை எங்கே வெட்டி எங்கே ஒட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் தொழில். ஆகவே நானே தமிழில் எழுதித் தருகிறேன்.

என் பெயர் அனற். வயது முப்பத்து மூன்று. வீடு மஹய்யாவ. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே உள்ள அறையில் வீடியோ எடிட் செய்கிறேன். வாசலில் நிற்கும் ஆட்டோவின் பின் கண்ணாடியில் ஒரு முகம் பாதி சுரண்டிக் கிடக்கிறதே, கவனித்தீர்களா? அது கிளைவ். 'நம்ம கிளைவ்' என்ற யூடியூப் சனலில் ஏழு வருடமாக வந்த அத்தனை வீடியோவும் நான் படம் பிடித்து, நான் வெட்டியவை.

உங்களுக்குத் தமிழ்ச் சனல்கள் பழக்கமில்லாமல் இருக்கலாம். கிளைவ் கித்தாரோடு தோட்டத் தொழிலாளர்களின் லயங்களுக்குப் போவார், பாடுவார், அந்த வீட்டுக்கு என்ன தேவை என்று கேட்பார். கூரைத் தகரம், மூக்குக் கண்ணாடி, சக்கர நாற்காலி. பார்க்கிறவர்கள் அனுப்புவார்கள். எங்கள் தெரு சலூனில் அவர் படம் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. பிள்ளைகளைத் திட்டும் தாய்மார் எல்லாம் கிளைவ் அண்ணாவைப் பார்த்துப் படி என்றார்கள். என் அம்மாவும் என்னிடம் சொன்னார். கிளைவ் தரும் சம்பளத்தில் வாழ்பவளிடம், அவருடைய வியர்வையைத் துடைக்க டிஷ்யூ நீட்டுபவளிடம்.

என் அப்பா அந்தோனிமுத்துவையும் ஊர் அப்படித்தான் சொன்னது. முப்பது வருடம் கோயில் பாடகர் குழுவை நடத்தியவர். வீட்டில் அவர் கை பெல்ட்டுக்குப் போகும் நேரம் எங்களுக்கு மணி பார்க்காமலே தெரியும். பன்னிரண்டு வயதில் ஒரு கன்னியாஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "அந்தோனிமுத்துவையா சொல்ற? அவரைப் போய் அப்படிச் சொல்லலாமா புள்ள?" என்று என்னை முழங்காலில் நிற்க வைத்தார். அப்பா செத்தபோது மூன்று பஸ்ஸில் சனம் வந்தது. அம்மா மதலேனாவும் "இப்பிடி ஒரு மனுசன் இனி பொறக்க மாட்டான்" என்று அழுதார். அம்மாவின் இடது மணிக்கட்டு இன்றைக்கும் நேராகாது. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நாலு பேர் ஒருவரை நல்லவர் என்றால் எனக்கு எரிச்சல் வரும். வெறும் எரிச்சல்தான்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. கமரா நின்ற பிறகு இந்த ஆள் யார்?

கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைத்தேன். கிளைவின் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக் மாட்டுவேன். படப்பிடிப்பு முடிந்ததும் அதைக் கழற்ற மறந்துவிடுவார். நானும் ஞாபகப்படுத்த மாட்டேன். வேனில், சாப்பாட்டுக் கடையில், மனைவி சிந்துஜாவோடு ஃபோனில், எங்கே என்ன பேசினாலும் என் காதில் விழும். எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தேன். அதற்கு 'மிச்சம்' என்று பெயர் எழுதி ஒட்டினேன். ஒரு நாள் வாய் தவறும், அன்றைக்கு உலகத்துக்குக் காட்டலாம் என்று காத்திருந்தேன்.

ஏழு வருடம் ஐயா. ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஒருமுறை சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று மனைவியிடம் சொன்னார். அதைப் பொய் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன். பத்து நிமிடத்தில் அவரே திரும்ப எடுத்து, "இல்ல சிந்து, இனித்தான் சாப்பிடணும்" என்றார். ஒருமுறை வத்தேகம சந்தியில் பின்னாலிருந்து இடித்த லொறிக்காரனிடம், உங்களுக்கு அடிபட்டுதா என்று கேட்டார். எத்தனை இரவு அந்தக் குப்பையைக் கேட்டுத் தூக்கம் கெட்டிருப்பேன். மனிதன் என்றால் இப்படியா இருப்பான்?

போன தை மாதம் மடவளைக்குப் போனோம். ஜஹானா என்ற பெண், முப்பத்தாறு வயது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கணவர் ஹில்மிக்குக் கடைத்தெருவில் சப்பாத்துக் கடை. மகள் மஸாஹிரா முதலாம் வகுப்பு. இரத்தம் சுத்திகரிக்க ஊசி ஏற்றும் நரம்புகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தன. அதிக நாள் தள்ள முடியாது, மாற்றுச் சிறுநீரகம் வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஜஹானாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சின்னக் கோப்பைத் தண்ணீர்தான் அனுமதி. அன்று எனக்கு இருமல். அந்த நிலையிலும் எழுந்துபோய்க் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து தந்தார். நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆப்பரேஷன் முடிஞ்சா மொத வேல என்ன தெரியுமா தங்கச்சி? ஒரு செம்பு தண்ணி. நெறய. ஒரே மூச்சுல," என்றார்.

வீடியோ போட்ட நாலாம் நாள் வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து ஜெயராஜ் என்பவர் கூப்பிட்டார். தோட்டத்து லொறி ஓட்டுபவர். ஒரு சதமும் வேண்டாம், கிளைவ் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா என்றார். இரத்தம் பொருந்தியது, எல்லாம் பொருந்தியது. ஆஸ்பத்திரியில் ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். ஊரெல்லாம் கிளைவ், கிளைவ் என்றது. முன்பின் தெரியாத ஒருவனுடைய உடம்பிலிருந்து ஒரு உறுப்பையே எடுத்துக் கொடுக்க வைக்கிறது இந்தப் பெயர். அந்த அளவுக்கு ஒரு பெயரைப் பரிசோதிக்காமல் விடலாமா? நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முந்திய வாரம் வேனில் வரும்போது கிளைவ் என்னிடம் சொன்னது இது. "ஒரு புரோக்கர் வந்தான் அனற். வந்து சொல்றான், கிட்னி வேணும்னு நிக்கிறவங்க கேக்கிறதக் குடுப்பாங்க, நீங்க ஆளக் கொண்டாங்க, பாதி பாதி எடுத்துக்குவோம்னு. வெளிய போடான்னு சொல்லிட்டேன்."

முன்னால் கொஞ்சமும் பின்னால் கொஞ்சமும் வெட்டினேன். 'கிட்னி வேணும்னு' என்பதிலிருந்து 'எடுத்துக்குவோம்' வரை நடுவில் இருந்த பதினொரு வினாடியை வைத்துக்கொண்டேன். வேனின் பின் இருக்கையிலிருந்து எடுத்த படத்தை மேலே போட்டேன். அதில் அவருடைய முதுகுதான் தெரியும், வாய் தெரியாது. ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. எல்லாம் அவர் குரல். புதன்கிழமைக்கு ஐந்து நாள் முன்னால் பெயரில்லாத ஒரு பக்கத்தில் ஏற்றினேன்.

விடியும்போது ஊர் மாறிவிட்டது. ஏழு வருடம் கும்பிட்டவர்கள் பதினொரு வினாடியில் காறித் துப்பினார்கள். சலூன்காரர் படத்தைக் கழற்றினார். கிளைவ் நேரலையில் வந்து நடந்ததைச் சொன்னார். மாட்டிக்கொண்டவன் வேறு எப்படிச் சொல்வான் என்று சிரித்தார்கள். அவ்வளவு லேசான நம்பிக்கைக்கு நான் பொறுப்பு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜெயராஜின் ஃபோன் வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளைவோடு நானும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். என்மேல் அவருக்கு அப்போது சந்தேகம் வரவில்லை. ஜெயராஜ் உள்ளே ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மனைவி ஞானேஸ்வரி கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லீங்க. ஆனா கிட்னி வித்த குடும்பம்னு பேர் வந்துட்டா நாங்க இந்த லயத்துல எப்பிடி இருக்கிறது? ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. நீங்க அப்பிடிப் பேசலன்னா முழுசாப் போட்டுக் காட்டுங்க. பாத்த கையோட நானே இவரக் கூட்டிக்கிட்டு வந்து ஆஸ்பத்திரில விடுறேன்."

முழுப் பேச்சும் இருந்த டிஸ்க் அப்போது என் தோள் பையில்தான் இருந்தது. நான் கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கி வரும் வழியில் காதில் மைக்கைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். இப்போதாவது அந்தப் பெண்ணைத் திட்டுவார், நன்றிகெட்ட சனம் என்பார் என்று பார்த்தேன்.

"அவங்க சொல்றது சரிதான் அனற். நானா இருந்தாலும் பயந்திருப்பேன்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை அவர் என் அறைக்கு வந்தார். ஒரே கதிரைதான் இருந்தது, அதில் நான் இருந்தேன். அவர் நின்றார். "நீ போட்டதுன்னு இப்பதான் விளங்கிச்சு. அந்தப் பேச்சு உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஏன்னு கேக்க வரல. முழுசாப் போடு, ஜஹானாவுக்காக. யார் வெட்டினதுன்னு என் வாயால வராது."

"யோசிக்கணும்," என்றேன்.

"யோசி. ஆனா அவங்களுக்கு நேரமில்ல."

மேசையில் என் ஃபோன் ஒலிப்பதிவில் இருந்தது. ஒரு கெட்ட வார்த்தை, ஒரு மிரட்டல், மேசையில் ஒரு குத்து போதும். அந்த நிமிடமே முழுவதையும் போட்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆக, ஜஹானாவின் உயிர் என் கையில் இருக்கவில்லை, அவர் கையில்தான் இருந்தது. அவர் கோபப்பட மறுத்தார். அடுத்த நாள் ஒருவன் வந்து என் படிக்கட்டில் பியூஸ் போன பல்பை மாற்றிவிட்டுப் போனான். இருட்டில் நான் விழுந்துவிடுவேன் என்று கிளைவ் அண்ணா அனுப்பினாராம். அந்தப் பல்பை நானே கழற்றி எறிந்தேன்.

புதன்கிழமை போனது. ஆஸ்பத்திரியில் இன்னொரு திகதி கொடுத்தார்கள், அதுவும் போனது. கிளைவ் இன்னும் இரண்டு முறை வந்தார். கடைசி முறை அழுதார். அழுகையை நான் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை, அப்பாவும் நன்றாக அழுவார். வீடியோ ஏற்றிய பத்தொன்பதாம் நாள் காலையில் ஜஹானா இறந்தார்.

மடவளைக்கு நானும் போனேன். அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்திருந்தார்கள். மஸாஹிரா பாடசாலைத் தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். ஹில்மி கிளைவின் சட்டையைப் பிடித்தார்.

"உண்மையச் செல்லுங்க நானா. அது ஒங்கட பேச்சா, ஆராவது வெட்டினதா? வெட்டினவன் ஆரு?"

நான் நாலடி தள்ளி நின்றேன். கிளைவ் என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாது ஹில்மி. பேசினது நான்தான். யார் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது."

கேட்டீர்களா? தெரியாது என்றார். வேனில் ஏறியதும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஹில்மி இப்ப இருக்கிற நிலைமைல எதையும் செஞ்சிருவார். அந்தப் புள்ளைக்கு வாப்பாவாவது மிஞ்சணும். உனக்கும் அம்மா இருக்காங்க," என்றார். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், பொய் பொய்தான். அதற்கடுத்த வாரம் சிறுநீரக வியாபாரம் என்று நீங்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோதும் அதையே சொல்லியிருக்கிறார், கையெழுத்தும் வைத்திருக்கிறார். பொலிசுக்கே பொய்.

ஏழு வருடம் தேடியது கிடைத்துவிட்டது ஐயா. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன். வெட்டியது நான். ஏற்றியது நான். முழுப் பேச்சையும் பத்தொன்பது நாள் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தது நான். கொடுக்காவிட்டால் ஜஹானா செத்துவிடுவார் என்று தெரிந்தேதான் இருந்தேன். இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுவது, அவர் எழுதித் தந்தது பொய் என்பதை நிரூபிக்க வேறு வழி இல்லாததால். டிஸ்க்கை மேசையில் வைத்திருக்கிறேன். அவருடைய வாக்குமூலத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யார் உண்மை பேசுகிறவர் என்று உங்களுக்கே விளங்கும்.

நீங்கள் வைத்த தண்ணீருக்கும் நன்றி. எழுத எழுதத் தாகம் எடுத்தது, போத்தலை முடித்துவிட்டேன். ஒரு வேண்டுகோள் மட்டும். மொழிபெயர்க்கும்போது ஒரு வரியையும் வெட்டாதீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து வாசித்தால், நான் ஏதோ கெட்டவள் மாதிரித் தெரியும்.